மாற்றித் தீட்டிய கத்தி

காங்கேயத்துச் சந்தையில், புளியமரத்தடியில் விரித்திருந்த சாக்கின் மேல் கத்திகள் கிடந்தன. பெரியவை ஒரு பக்கம், சின்னவை ஒரு பக்கம். வெயில் பட்டு ஒவ்வொன்றும் கண்ணைக் கூச வைத்தது. நான் இடது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பக்கம் அத்தை, மறு பக்கம் மாமா. மாமியாரையும் மாமனாரையும் எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கு ஒரு சின்னக் கத்தி வாங்கத்தான் வந்திருந்தோம்.

"கையில புடிச்சுப் பாருங்க அம்மிணி," என்றார் கடைக்கார பாய். ஒரு கத்தியை எடுத்து என் கையில் தராமல் சாக்கின் ஓரத்தில் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று யாரும் கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கையால் எடுப்பது? கத்தியைப் பார்த்தால் என் வலது கை அசைவதே இல்லை. இடது கைதான் முந்தானைக்குள் துடித்தது.

நான் பிறவியிலேயே நொட்டாங்கைக்காரி. அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பிசிறு எடுக்கிற வேலை

போன வாரம் இந்தத் தொடரில், நான் கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து இறங்கியதோடு கதையை நிறுத்தியிருந்தேன். சந்தைக்குப் போவதற்கு முன்னால் அந்த வீட்டு வேலையைச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது ஊரில் பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டினார். மாமா மாட்டுவண்டி வைத்திருந்தார். ரயிலடியிலிருந்து பஞ்சு மூட்டையும் நூல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு போவார். அத்தையும் நானும் வீட்டிலிருந்தபடியே பிசிறு எடுத்தோம்.

பனியனைத் தைத்து முடித்ததும் கழுத்திலும் கையிலும் அடிமடிப்பிலும் நூல் முனைகள் தொங்கும். அதைத் துணியோடு ஒட்ட அறுக்க வேண்டும். அதுதான் பிசிறு எடுப்பது. பண்டல்காரர் சைக்கிளில் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார். முடித்து அடுக்கி வைத்தால் எடுத்துப் போவார். கூடம் முழுக்கப் புதுத்துணி வாசம். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. தும்மினால் வெள்ளையாக வரும்.

கத்திரிக்கோலைவிட இந்த வேலைக்குச் சின்னக் கத்திதான் வாகு. இடது கையால் துணியை இழுத்துப் பிடித்து, வலது கையில் கத்தியைத் துணிமேல் படிய வைத்து ஒரு நகர்த்து. நூல் விழுந்துவிடும். வலது கைக்காரர்களுக்கு அப்படி.

எனக்கு வலது கையில் கத்தி நிற்காது. அத்தை நாலு பனியன் முடிப்பதற்குள் நான் ஒன்றோடு போராடிக்கொண்டிருப்பேன். அவர் கிணற்றுக்கோ கடைக்கோ போனதும் கத்தி தானாக இடது கைக்கு வந்துவிடும். மளமளவென்று அறுப்பேன். செருப்புச் சத்தம் கேட்டால் மாற்றிக்கொள்வேன்.

வேகமாக முடிந்தது, சரியாக முடியவில்லை. கத்தியின் அலகை ஒரு பக்கம் மட்டும்தான் சரிவாகத் தீட்டியிருப்பார்கள், மறு பக்கம் தட்டை. வலது கையில் பிடித்தால் தட்டைப் பக்கம் துணியில் படியும். இடது கைக்கு மாற்றினால் சரிவுப் பக்கம் அடியில் வந்துவிடும். கூர் துணியைத் தொடாது, நூல் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகக் கத்தியைச் சாய்த்தால் துணியைக் கடித்துவிடும். பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது. ஒரு இழை அறுந்தால் பார்க்கும்போது தெரியாது. இழுத்தால் கண்ணி கண்ணியாக ஓடி ஓட்டையாகிவிடும்.

இந்தச் சரிவு தட்டை எல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. என் கையின் பாவம் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் பண்டல்காரர் மூட்டையைப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஏனுங்கக்கா, இதப் பாருங்க," என்று ஒரு பனியனை விரித்து இழுத்துக் காட்டினார். அடிமடிப்புக்குப் பக்கத்தில் ஓட்டை வாயைத் திறந்தது. "இது மட்டுமில்லீங்க, இன்னும் கெடக்குது. மொதலாளி சத்தம் போடறாரு. இன்னொருக்கா வந்துச்சுன்னா இந்த ஊட்டுக்குப் பண்டல் போடாதேன்னுட்டாரு."

அத்தை அந்தப் பனியனை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், நூல் முனைகளை விரலால் தடவிப் பார்த்தார். நான் உள்ளே அடுப்படிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"கத்தி கெட்டுப் போச்சுங்க தம்பி," என்றார் அத்தை. "புதுசு வாங்கீர்றோம். இனி வராது."

கத்தியைத்தான் சந்தேகப்படுகிறார் என்று எனக்கு உயிர் வந்தது.

அம்மா கட்டிய துணி

குன்னத்தூர்ப் பக்கம் ஒரு காட்டு ஊரில் நான் பிறந்தேன். சாப்பிடும்போதெல்லாம் அம்மா என் இடது கையில் பழந்துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்காரச் சொல்வார். அஞ்சாவது வரைக்கும் அப்படியே உட்கார்ந்து படித்தேன். கை மரத்துப்போகும்.

எழுத்து வலது கைக்கு வந்துவிட்டது. இதையும் அந்தக் கையால்தான் எழுதுகிறேன். சோறு உண்பதும் வந்துவிட்டது. அறுப்பதும் நறுக்குவதும் மட்டும் வரவில்லை.

பெண் பார்க்க வந்தபோது அம்மா ஒரு யோசனை செய்தார். இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி பெரிய தாம்பாளத்தில் காப்பி வைத்துக் கொடுத்தார். பிறகு என்னை உட்கார வைத்து, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டார். வந்தவர்கள் போகும்வரை கை இரண்டும் குழந்தையைப் பிடித்திருந்தன. "பொண்ணு கொழந்தைக மேல பிரியமா இருக்குது," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வண்டி ஏறும்போது அம்மா என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையை இங்கயே உட்டுட்டுப் போறேன்னு நெனச்சுக்க சாமி," என்றார்.

அது எப்படி விட்டுவிட்டுப் போக முடியும்?

புகுந்த வீட்டில் முதல் வாரமே மாமா சாப்பிட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னார். உடுமலைப் பக்கம் ஒறம்பரை வீட்டுக் கல்யாணம், சொந்தக்காரர்கள்தான். பந்தியில் ஒரு பெண் இடது கையில் கரண்டியைப் பிடித்துக் குழம்பு ஊற்றினாளாம். மாமா இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம்.

"அந்த ஊட்டுல இன்னிக்கி வரைக்கும் பச்சத் தண்ணி குடிச்சதில்லை," என்றார்.

நான் மோர்ச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். மோர் வட்டிலைத் தாண்டித் தரையில் சிந்தியது. "பயப்படாத ஊத்து கண்ணு," என்றார் மாமா. நல்ல மனுஷர். மாட்டைக்கூடச் சாட்டையால் அடிக்க மாட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி.

அத்தை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் என் கையைப் பார்ப்பார். மாமாவைவிட அவரிடம்தான் எனக்குப் பயம். தெரிந்தால் மாமாவிடம் சொல்வார், மாமா வண்டியைப் பூட்டுவார், என்னைக் கொண்டுபோய் அம்மா வாசலில் இறக்கிவிடுவார். இதே நினைப்புத்தான் படுத்தாலும் எழுந்தாலும்.

மடங்கும் கத்தி

சந்தைக்கு முன்னால் இன்னொரு கத்தியும் வந்து போனது. பண்டல்காரர் சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டு எங்கள் வீட்டுக்காரர் ரயிலடிக் கடையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கி வந்தார். சிவப்புப் பிடி. பார்க்க ஆசையாக இருந்தது. அவர் எனக்கென்று வாங்கிவந்த முதல் சாமான் அது.

மடங்குகிற மூட்டுக்குள் பஞ்சு போய் அடைத்துக்கொண்டது. பிறகு முழுசாகத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அழுத்தி அறுத்தபோது திடீரென்று மடங்கி என் விரலைக் கவ்வியது. வெள்ளைப் பனியனில் ரத்தப் பொட்டு.

அத்தை அதைக் குளிர்ந்த தண்ணீரில் அலசிக்கொண்டே, "இது சட்டைப் பையில வெச்சுட்டுத் திரியறவங்களுக்கு. நமக்கு மடங்காத கத்தி வேணும்," என்றார்.

பக்கத்து வீடுகளில் சவர பிளேடைப் பாதியாக ஒடித்து வைத்துக்கொண்டு அறுப்பார்கள். அதையும் அத்தை சேர்க்கவில்லை. பிளேடின் முனை உடைந்து துணிக்குள் தங்கிவிட்டால் போட்டுக்கொள்கிறவன் உடம்பு என்னாவது என்பார்.

மாமா ஒரு மாட்டைப் பார்க்கக் காங்கேயம் போக வேண்டியிருந்தது. "அங்க நல்ல இரும்பு கெடைக்கும், நாங்களும் வர்றோம்," என்று அத்தை வண்டியில் ஏறிக்கொண்டார். என்னையும் ஏறச் சொன்னார். வழி நெடுக எனக்கு ஒரே யோசனை. கடையில் கத்தியைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்வார்கள். நூலை அறுத்துக் காட்டச் சொல்வார்கள். மாமா பார்த்துக்கொண்டு நிற்பார்.

சாக்கின் ஓரத்தில்

மாமா முதலில் எடுத்தது எருமைக்கொம்புப் பிடி போட்ட கத்தி. மாட்டுக் கயிறு அறுக்கிற அளவு பெரிது.

"இதுல ஆட்டையே உரிக்கலாம். பனியனுக்கு எதுக்குங்க?" என்றார் அத்தை.

அடுத்தது பிடியும் அலகும் ஒரே இரும்பு. அத்தை அதையும் தள்ளிவிட்டார். உள்ளங்கை வேர்வையில் துருப் பிடிக்கும், வெள்ளைத் துணியில் கறை விழும், மரப்பிடிதான் வேண்டும் என்றார். இன்னொன்று முனை ஊசியாக இருந்தது. "குத்தீரும், வேண்டாம்." முனை மழுங்கி, அலகு ஆள்காட்டி விரல் நீளத்துக்குமேல் போகாமல் வேண்டும் என்றார்.

"அக்காவுக்குப் பொண்ணுப் பாக்கறதாட்ட இருக்குதுங்க," என்று சிரித்தார் பாய்.

"பொண்ணுப் பாக்கறப்போ இவ்வளவு பாக்கலீங்க," என்றார் அத்தை.

எனக்குக் காது சுட்டது. அத்தை என் பக்கம் திரும்பவில்லை.

பாய் அவர் சொன்ன மாதிரி சிலதைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தார். நான் வலது கையை நீட்டி ஒன்றை எடுத்தேன். கட்டைவிரலால் அலகைத் தடவினேன். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். கருவேலமரப் பிடி, மழுங்கின முனை. அதைத் தடவியபோது விரல் நின்றுவிட்டது. மற்றதெல்லாம் எந்தப் பக்கம் சரிவோ, இது அந்தப் பக்கம் தட்டையாக இருந்தது. திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். முந்தானைக்குள் இருந்த இடது கைக்கு அந்தக் கத்தி எப்படி உட்காரும் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பனியனில் ஏன் ஓட்டை விழுந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

வைக்க மனசு வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

"அது வேண்டாங்க அம்மிணி," என்றார் பாய். "பட்டறையில புது ஆளு ஒருத்தன் பக்கம் மாத்தித் தீட்டிட்டான். நொட்டாங்கைக்காரங்க யாராச்சும் வந்தாக் குடுக்கலாம்னு கெடக்குதுங்க. நீங்க வேற பாருங்க."

"அந்தக் கருமத்தை எதுக்குங்க பாய் முன்னால போட்டு வெச்சிருக்கறீங்க?" என்றார் மாமா. "வெச்சுரு கண்ணு. வேற எடு."

வைத்தேன். கண் நிறைந்துவிட்டது. குனிந்து வேறொரு கத்தியைத் தேடுவதுபோல நடித்தேன். சாக்கின் நூல் எல்லாம் கலங்கித் தெரிந்தது. இனி காலம் முழுக்க ஓட்டை போடுவேன், பண்டல் நின்றுபோகும், ஏன் என்று கேட்பார்கள், கையைப் பார்ப்பார்கள்.

"அதையே குடுங்க," என்றார் அத்தை.

"எதைங்க?"

"மாத்தித் தீட்டுனதை. எனக்கு."

மாமா சிரித்தார். "உனக்கு எதுக்கு? நீ என்ன நொட்டாங்கையா?"

"ஆமாங்க."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கத்திகளை அடுக்க ஆரம்பித்தார்.

"எப்பயிருந்து?"

"பொறந்ததுல இருந்து."

"இத்தனை வருசமா எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே. சோறு வலது கையிலதான போட்டேன். நூலு மட்டும் இந்தக் கையில அறுப்பேன். நீங்க வண்டிக்குப் போனப்பொறவு."

அத்தை குனிந்து அந்தக் கத்தியை எடுத்தார். இடது கையால் எடுத்தார். எனக்கென்று வலது கைக்கான கத்தி ஒன்றையும் சேர்த்து வாங்கினார்.

யார் ஆக்குவது

திரும்பி வரும்போது மாமா மாட்டோடுகூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து நுகத்தை அவிழ்த்துவிட்டு, வாசலில் நின்றபடியே சொன்னார்.

"இனிமேட்டு அம்மிணியே சோறாக்கட்டும்."

அதுவரை சமையல் முழுவதும் அத்தைதான். நான் கூடமாட உதவி செய்வேன். "சரீங்க," என்றார் அத்தை, ஏதோ உப்பு வாங்கிவரச் சொன்னதுபோல.

நொட்டாங்கைக்காரி கையால் சாப்பிட மாட்டேன் என்று சொல்லி, நொட்டாங்கைக்காரியையே ஆக்கச் சொல்கிறார்.

மறுநாள் மாமா வண்டி பூட்டிப் போனதும், அத்தை அந்தக் கருவேலப்பிடிக் கத்தியைக் கொண்டுவந்து என் முன்னால் தரையில் வைத்தார்.

"எடு."

எனக்குக் கை வரவில்லை.

"நூலு எந்தப் பக்கம் நீட்டிட்டு நிக்குதுன்னு பாத்தா எனக்குத் தெரியாதா? எத்தனை வருசமா இதே வேலை செய்யறேன். எடு கண்ணு. எந்தக் கையில வருதோ அந்தக் கையில அறு. ஓட்டை மட்டும் போடாதே, பண்டல் வேணும் நமக்கு."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"அவுரால என்னையத் தொரத்த முடியாது. உன்னையன்னா வண்டி பூட்டீருவாரு."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தோம். கத்தி துணிமேல் படிந்து போனது. நூல் அடியோடு விழுந்தது. அடுத்த தடவை பண்டல்காரர் பனியனை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூட்டையைக் கட்டினார்.

சிக்கல் சாயங்காலம்தான். மாமா வீடு திரும்பிக் கட்டிலில் உட்காருவார். கத்தி அத்தை கைக்குப் போய்விடும். அத்தை அதை இடது கையில் பிடித்து மாமா முன்னால் அறுக்க வேண்டும். பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசும். கத்தி வழுக்கும், நூல் நழுவும், ஒரு பனியனையே மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் விரலில் வெட்டிக்கொண்டு துணியைச் சுற்றிக்கொண்டார். அவர் அறுத்ததை எல்லாம் காலையில் நான் மறுபடியும் எடுத்துப் பார்ப்பேன்.

மாமா கண் வாங்காமல் பார்ப்பார். "பொறந்ததுல இருந்து இப்படித்தான் அறுக்கறயா?"

"வயசாச்சுல்லங்க," என்பார் அத்தை.

இப்படியே கொஞ்ச நாள் போனது. காலையில் சமையல். மாமா வீட்டில் இருந்தால் வலது கையால் கிண்டுவேன், தாளிப்பேன், போடுவேன். காய் மட்டும் அவர் போனபிறகு நறுக்குவேன். அவர் ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் அவர் முகத்தையே பார்ப்பேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை மூச்சு விட மாட்டேன்.

கத்திரிக்காய்

அன்று மாட்டுக்கு லாடம் கழன்றுவிட்டது. மாமா மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். அத்தை கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் வரவில்லை, வண்டியை லாடக்காரரிடம் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்.

நான் அடுப்படியில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கருவேலப்பிடிக் கத்தி, இடது கையில். காய் தண்ணீர்ச் சட்டியில் விழுகிற சத்தம் மட்டும் டப்பு டப்பென்று. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்த மாதிரி இருந்ததும் நிமிர்ந்தேன். மாமா நிலைப்படியில் நின்றார்.

எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கத்தியை மாற்றிப் பிடிக்கவும் தோன்றவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

மாமா என் கையைப் பார்த்தார். கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கல்லில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"கத்திய வெச்சுட்டு வந்து சோறு போடு," என்றார்.

வட்டில் வைத்தேன். காலையில் ஆக்கின அரிசிம்பருப்புச் சோறு. வலது கையால்தான் போட்டேன். மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை வைக்கவில்லை. எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா வீட்டு வாசல், அம்மாவின் முகம் எல்லாம் கண்ணுக்கு முன் வந்துவிட்டது. என்ன துணி எடுத்து வைப்பது என்றுகூட யோசித்தேன்.

"உங்க அத்தைக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

"அப்போ அவளுக்கு வலது கைதானா?"

"ஆமாங்க மாமா."

"வெரல்ல துணி சுத்தியிருக்கறது அதுனாலதானா?"

"ஆமாங்க."

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். "சந்தையில அத்தனை பேருக்கு முன்னால," என்று தனக்குள் சொன்னார். பிறகு சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். இன்னொரு வாய். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னுங் கொஞ்சம் போடு," என்றார்.

போட்டேன்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லீராதே. கோவிச்சுக்குவா."

மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "இன்னிக்கி நீயே ஆக்கு," என்று அத்தையிடம் சொன்னார் மாமா. காரணம் எதுவும் சொல்லவில்லை; அத்தைக்கு வலது கைதான் என்று தெரிந்துவிட்டதே என்று நான் நினைத்துக்கொண்டேன். அத்தை அடுப்படிக்கு வந்து என்னை ஓரமாக இழுத்தார்.

"என்ன ஆச்சு? ஏதாச்சும் பாத்துட்டாரா?"

இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். "கொழம்புல உப்பு அதிகமாப் போச்சுங்க அத்தை," என்றேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். "அதானே பாத்தேன்," என்றார். மிளகாய்ச் சட்டியை எடுக்கும்போது அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

அன்று சாயங்காலமும் மாமா கட்டிலில் உட்கார்ந்தார். அத்தை இடது கையில் கத்தியைப் பிடித்துப் பனியனோடு மல்லுக்கட்டினார். நான் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமா பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மெதுவா அறு. கையக் கிய்ய வெட்டிக்காதே."

"எனக்கென்ன புதுசா?" என்றார் அத்தை.

"அதுவும் சரிதான்," என்றார் மாமா. என் பக்கம் திரும்பி, "குடிக்கத் தண்ணி கொண்டா கண்ணு," என்றார்.

எழுந்துபோய்ச் சொம்பில் மொண்டு கொண்டுவந்தேன். மடித்த பனியன்கள் ஒரு கையில் இருந்தன, சொம்பு ஒரு கையில். நீட்டினேன். எந்தக் கையால் நீட்டினேன் என்று பார்க்க மறந்துவிட்டேன். மாமா வாங்கிக் குடித்தார்.